வுசாலின் பெயரில் ஓர் ஊற்று

வீரனின் கதை என்றால் பிறக்கும்போதே புலிக்குட்டியாகப் பிறந்தான் என்றுதான் தொடங்குவார்கள். வுசால் அப்படி இல்லை. கோய்ச்சாய் நகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவனுக்கு இருந்த ஒரே பகை, பக்கத்து வீட்டு வான்கோழி. பதினாறு வயது வரை அதைக் கண்டாலே சுற்றுவழியில்தான் பள்ளிக்கூடம் போனான். மின்கம்பம் ஏறும் வேலையில் சேர்ந்த பிறகு முப்பதடி உயரத்தில் நின்று பாட்டுப் பாடுவான். கீழே வான்கோழி நின்றால் மட்டும் இறங்க மாட்டான்.

மாதுளைத் தோட்டங்களில் வேலை பார்த்து அவனைத் தனியாக வளர்த்தவள் அம்மா சுரய்யா. வான்கோழிக்குச் சொந்தக்காரி சதாகத். அது சுரய்யாவின் கொத்தமல்லிப் பாத்தியைக் கிளறியதில் தொடங்கிய சண்டை பன்னிரண்டு வருடம் ஓடியது. ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. முகம் கொடுத்துப் பேச்சில்லை. வுசால் மட்டும் இரண்டு வீட்டிலும் தேநீர் குடிப்பான். சதாகத் வீட்டில் விளக்கு எரியாவிட்டால் அம்மாவுக்குத் தெரியாமல் வேலி தாண்டிப் போய்ச் சரிசெய்து, சட்டைப்பை நிறைய அக்ரூட் பருப்போடு திரும்புவான். அம்மாவுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துகொண்டாள்.

இரண்டாயிரத்து இருபதில், இலை பழுக்கும் காலத்தில், போர் மூண்டது. அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. பட்டாளத்திலிருந்து அழைப்பு வந்ததை அம்மாவிடம் மறைத்துவிட்டான். ஷெக்கியில் கம்பி இழுக்கும் வேலை, பத்தே நாள் என்று முந்தின மாலை சொல்லிவிட்டு, விடியுமுன் அவள் தூங்கும்போதே போய்விட்டான். எங்களில் யார் தூரதேசம் கிளம்பினாலும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவோம், போன வழியே நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று. பத்து நாள் வேலைக்கும் அவள் ஊற்றியிருப்பாள். குடத்தோடு அம்மா வாசலில் நின்றால் உண்மையைக் கக்கிவிடுவோம் என்று பயந்திருப்பான், அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் கொடி போர்த்தி வந்தான். காயம்பட்ட இருவரைக் கம்பம் ஏறிப் பழகிய தோளில் சுமந்து மலையிலிருந்து இறக்கியவன், மூன்றாமவனுக்காக மறுபடி ஏறியிருக்கிறான். பதக்கம் வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் படம் வந்தது. மினிபஸ்ஸில் சுரய்யா ஏறினால் எல்லோரும் எழுந்து இடம் விட்டார்கள். கடைக்காரர் முதல் டாக்டர் வரை ‘ஷஹீதின் அம்மா’, அதாவது போரில் உயிர் கொடுத்தவனின் அம்மா என்றே கூப்பிட்டார்கள். சுரய்யா என்று கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

ஊரார் அவன் பெயரைக் கல்லில் பொறித்து, அதன் கீழே நீர் விழும்படி சாலையோரம் ஓர் ஊற்று கட்ட நினைத்தார்கள். ஷஹீதின் ஊற்றில் வழிப்போக்கர்கள் நீர் குடித்து அவன் ஆத்மாவுக்கு வேண்டிக்கொள்வார்கள். சுற்றுவட்டாரத்தில் அப்படிப் பல உண்டு. ஊர்த்தலைவர் நாமிக் மூன்று முறை வந்து சம்மதம் கேட்டார். மூன்று முறையும் சுரய்யா தேநீர் கொடுத்து, சீமைமாதுளை ஜாம் கொடுத்து, முடியாது என்றாள். காரணம் சொல்லவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் பேசியது. ஊருக்கென்ன, பேசும். அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது ஒன்றுதான்: அவன் பின்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல் தூங்கிய தாய், அவன் பெயரில் ஊருக்கெல்லாம் தண்ணீர் ஓட விடுவதா? தான் தூங்கியதால்தான் பிள்ளை திரும்பவில்லை என்று அவள் நம்பினாள்.

மூன்றாம் வருடம் வசந்தத்தில் ஒரு காலை, சதாகத் வேலியைச் சுற்றி வந்து வாசல் கதவைத் தட்டினாள். மகன் இல்கினுக்கு ஜூலையில் பட்டாள அழைப்பாம். அவன் கிளம்பும்போது சுரய்யாதான் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

“ஏன், உன் கைக்கு என்ன வந்துச்சு? வான்கோழி கொத்திருச்சா?” என்றாள் சுரய்யா.

“என் கை ராசியில்லாத கை சுரய்யா. உன் புள்ளைக்கு ஊத்துன கை.”

வுசால் போருக்குப் போன அன்று விடியலில் சதாகத் வான்கோழிகளைத் திறந்துவிட வெளியே வந்திருக்கிறாள். வுசால் கையில் ஷூவைப் பிடித்துக்கொண்டு பூனைநடை நடந்து போவதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறாள். அவளிடம் அவனால் பொய் சொல்ல முடியவில்லை. கைக்கு அகப்பட்ட குடத்தைத் தூக்கி அவன் பின்னால் ஊற்றினாள். ஊற்றியும் அவன் வரவில்லை. அதன்பிறகு அவள் யாருக்கும் ஊற்றவில்லை, சொந்த மகள் தலைநகர் பாக்குவுக்குப் படிக்கப் போனபோதுகூட.

சுரய்யா அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். பிறகு, “எவ்வளவு ஊத்துன?” என்று கேட்டாள்.

“குடம் முழுக்க. முட்டி வரைக்கும் நனைஞ்சுட்டான்.”

“என்ன சொன்னான்?”

“சிரிச்சான். ‘சித்தி, இது வான்கோழி குடிக்கிற தண்ணிதானே’ன்னான். போறப்போ, ‘நான் நனைஞ்சுதான் போனேன்னு அம்மாகிட்ட சொல்லிருங்க’ன்னான். வராமப் போயிட்டானே. எந்த வாயால வந்து சொல்வேன்?”

சுரய்யா அழுதாள். வான்கோழித் தண்ணீரை நினைத்து அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அவளால் நிறுத்த முடியவில்லை. “நாலடி வேலிக்கு அந்தப் பக்கம் இதை வச்சுக்கிட்டு மூணு வருஷம் இருந்தியேடி பாவி,” என்று சதாகத்தின் தோளில் அடித்தாள். அடித்த கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். மறுநாள் நாமிக்கின் வீட்டுக்குப் போய், ஊற்று கட்டுங்கள் என்றாள்.

ஜூலையில் சுர்னா என்னும் நாயனம் ஊதி, ஆடிப்பாடி இல்கினை வழியனுப்பினார்கள். புதிய ஊற்றிலிருந்து சுரய்யா குடத்தை நிரப்பி எடுத்து வந்தாள். வண்டியருகே சதாகத் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். சுரய்யா அந்தக் கைகளைப் பிரித்துக் குடத்தைத் திணித்தாள்.

“நீயே ஊத்து. என் புள்ளை காஞ்ச கால்ல போகாமப் பாத்துக்கிட்ட கை இது.”

சதாகத் குடம் முழுவதையும் ஒரேயடியாகக் கவிழ்த்தாள். இல்கின் முழங்கால் வரை நனைந்து வண்டி ஏறினான். வண்டி வளைவில் மறையும்வரை இருவரும் நின்றார்கள். பிறகு சுரய்யா காலிக் குடத்தை வாங்கிக்கொண்டு ஊற்றுக்குப் போய், மகனின் பெயருக்குக் கீழே விழும் நீரில் மறுபடி பிடித்தாள்.