அறைக்கு அறை இடைவெளி

தனுஷ்கோடி அண்ணாச்சி சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அங்கே அறைக்கு அறை இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். ஓர் அறையில் மருந்து வெடித்தாலும் அடுத்த அறை நிற்க வேண்டும். கிண்டி குதிரைப் பந்தயத்துக்கும் அவர் அதே கணக்கில்தான் வருவார். ஐந்து கவர், ஒவ்வொன்றிலும் இருநூறு ரூபாய். ஒரு ரேசுக்கு ஒரு கவருக்கு மேல் தொடமாட்டார்.

2004 ஜனவரியில் ஒரு நாள், முதல் ரேசில் ஒரு கவர் போயிற்று. இரண்டாவதிலும் போயிற்று. கூடப் போயிருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"மிச்சம் மூணையும் ஒரே குதிரை மேல போடுங்க அண்ணாச்சி. விட்டதப் பிடிச்சிரலாம்."

மூன்று கவரையும் கிழித்து, பணத்தை டிக்கெட் ஜன்னலுக்குள் நீட்டிவிட்டார்.

கடைசி வளைவில் எங்கள் குதிரை நான்காவதாக வந்தது. அண்ணாச்சி பிடித்த பிடியில் என் தோளில் ரத்தம் கட்டிவிட்டது. கடைசி நொடியில் கழுத்தை நீட்டி முந்திவிட்டது குதிரை.

நான் துள்ளினேன். அவர் வெறுங்கவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜெயிச்சாச்சு அண்ணாச்சி, ஏன் இப்படி நிக்கீக?"

"மூணு ரூம் மருந்தையும் ஒரே ரூம்ல கொட்டிட்டேன்லே," என்றார். "இன்னைக்கு வெடிக்கல. அம்புட்டுதான்."