பத்துக்கு எத்தனை

நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால், மருத்துவப் பதிவேடுகளை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மருத்துவர்களின் நடத்தை விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. கேட்டதற்கு ஒப்புகை தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நான் அரசுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விதிகளை எதற்காக எழுதி வைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மீறியவருக்கு, எதை மீறினார் என்று எண் போட்டுச் சொல்வதற்கு.

நான் கேட்டது பெரிய ஆவணம் இல்லை. என் மனைவிக்குக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்த பிறகு, அங்கிருந்து மாதம் ஒருமுறை தொலைபேசியில் அவளிடம் நலம் விசாரித்தார்கள். மொத்தம் நான்கு முறை. அவள் என்ன சொன்னாள், அவர்கள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அந்த மருத்துவமனையில் ஒரு புதிய ஏற்பாடு. அறுவை செய்கிற மருத்துவரின் கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பார்கள். நோயாளி எப்படி நடக்கிறார், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்கி, அதைப் பொறுத்துத்தான் அந்தப் பகுதியை மருத்துவருக்குக் கொடுப்பார்கள். எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. சாலை போட்ட ஒப்பந்தக்காரரின் பணத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் முடியும்வரை பிடித்து வைப்பது நான் அறிந்த வழக்கம். மழையில் தார் பெயர்ந்தால் அவருக்கு அது கிடைக்காது. ஒருவழியாக மருத்துவர்களையும் மழையில் நனைய விட்டார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

மருத்துவமனை கையெழுத்துக்குக் கொடுத்த ஒப்பந்தத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடுகிறவருக்கு உள்ளே இருப்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. அவள் அன்னூர்ப் பக்கத்துக்காரி, ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப நாஞ் சொல்றத வெச்சுத்தான் அந்த டாக்டர் தம்பிக்குச் சம்பளமுங்களா?"

"ஆமா. ரோடு போட்டவனுக்குப் பிடிச்சு வெக்கிற மாதிரித்தான். ரோடு நல்லா இருந்தாத்தான் பாக்கி."

"ரோட்டுக்கு வாய் இல்லீங்க. இங்க என்னயல்ல கேப்பாங்க?"

"கேட்டா உள்ளதச் சொல்லு."

"நல்லாச் சொன்னீங்க போங்க. பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளையக்கூட நான் ஃபெயில் போட்டதில்லை. இந்த வயசுல போயி ஒரு டாக்டரை ஃபெயில் போடச் சொல்றீங்களா?"

சிரித்துவிட்டேன். அடுத்த பிரிவைப் படிக்க வாயெடுத்தபோது, "ரசம் ஆறுதுங்க" என்றாள். காகிதத்தை மடித்து வைத்தேன்.

மருத்துவர் தாராபுரத்துக்காரர், சின்ன வயது. அவருக்கு அப்போதுதான் முதல் குழந்தை பிறந்திருந்ததை முதல் சந்திப்பிலேயே அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அவர் இவளது முட்டியை விசாரித்ததைவிட இவள் அவரது குழந்தையை விசாரித்தது அதிகம். அறுவை நன்றாக நடந்தது. இரண்டாவது மாதம் தெருமுனை மளிகைக் கடைக்குத் தனியாகப் போய் வந்தாள். கறிவேப்பிலை வாங்கப் போனதாகச் சொன்னாள். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது.

தொலைபேசி முற்பகலில் வரும். சமையலறைக்குள் போய்ப் பேசுவாள். "நல்லா இருக்கேனுங்க அம்மணி" என்பது மட்டும் என் செய்தித்தாளைத் தாண்டிக் கேட்கும். முடித்துவிட்டு வந்து, "ஒம்பது போட்டுட்டேனுங்க" என்பாள்.

"அந்த ஒன்ன ஏன் கொறச்ச?"

"முழுசாப் போட்டா பொய்யின்னு நெனச்சுப்போடுவாங்கல்ல?"

இதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். நான்காவது மாதம் வீட்டில் தைல வாசனை வந்தது. இரண்டு நாள் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முட்டிக்கென்னங்க, டாக்டர் தம்பி போட்டதாச்சே" என்றாள். சேலைக் கரையைச் சற்றுத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை. தொடர்ந்து சரியாக இருந்த கணக்கை யாரும் மறுபடி பிரிப்பதில்லை.

ஒரு நாள் காலையில் அவளால் எழ முடியவில்லை. முட்டி சிவந்து வீங்கியிருந்தது. மாற்றிய மூட்டைச் சுற்றிச் சீழ் பிடித்து, அது இரத்தத்தில் கலந்திருந்தது. மருத்துவமனைக்குப் போன அன்றே நினைவு தப்பியது. பத்தாவது நாள் இறந்துபோனாள். மருத்துவர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வர்றது மார்க்கு மட்டுந்தானுங்க சார், அதுல எல்லாம் நல்லா இருக்குன்னுதான் இருந்துச்சு. வலின்னு ஒரு வார்த்தை வந்திருந்தா அன்னைக்கே வரச் சொல்லியிருப்பேனுங்க" என்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். நான் அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு ஒப்பந்தத்தை எடுத்தேன். அன்று மேசையில் நான் படிக்காமல் விட்ட பிரிவு இரண்டே வரி. ஆறாம் மாத மதிப்பெண் மட்டுமே கட்டணத்துக்குக் கணக்கு. இடைப்பட்ட மாதங்களில் கேட்பது சிகிச்சைக்காக மட்டுமே. அதாவது அந்த நான்கு மாதமும் அவள் வலிக்கிறது என்று கத்தியிருந்தாலும் அந்தத் தம்பிக்கு ஒரு நயா பைசா குறைந்திருக்காது.

அதன் பிறகு எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள்தான் மாற்றி எழுதியிருக்க வேண்டும். அப்படியானால் நான் கோபப்பட ஒரு மருத்துவமனையே இருக்கிறது. இல்லையென்றால் நான் மட்டும்தான் இருக்கிறேன். பதிவேடு கேட்டு மனுப் போட்டேன்.

வாரிசுச் சான்று கேட்டார்கள், கொடுத்தேன். உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள், கொடுத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதற்கும் ஒரு சான்று கேட்டார்கள். அதையும் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நேரில் போனேன். பதிவேட்டுப் பிரிவில் இருந்த அம்மாள் என்னைக் கண்டதும் கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"ஏனுங்கய்யா, ஃபோன்ல கேக்கறதெல்லாம் ரெக்கார்டு ஆகாதுங்க. அது ஃபீட்பேக்குங்க."

"சிகிச்சைக்காகக் கேக்கறதுன்னு உங்க ஒப்பந்தத்துலயே இருக்குது அம்மணி. சிகிச்சைக்குன்னா அது ரெக்கார்டுதான்."

"நீங்க வக்கீலுங்களா?"

"அதைவிட மோசம். ஆடிட்."

"அதானே பார்த்தேன். வாரத்துக்கு ஒருக்கா கரெக்டா வந்துர்றீங்க. உக்காருங்க, டீ சொல்றேன். மேல கேட்டுத்தானுங்க சொல்லோணும்."

மேலே கேட்டுச் சொல்வதற்குள் டீ ஆறிவிடும். நான் குடித்துவிட்டு வருவேன். வாரத்தில் என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசியது அவள் ஒருத்திதான். முன்பு இரண்டு மாதம் வந்த கேஸ் சிலிண்டர் இப்போது ஐந்து மாதமாகியும் தீரவில்லை. ஏஜென்சியிலிருந்து, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுக் கூப்பிட்டார்கள். இருக்கிறார் என்று சொன்னேன். விதிப்படி மூன்றாம் நாளே பதிவேடு வந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமைகளை என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத வேண்டிய புகாரை வேண்டுமென்றே இரண்டு வாரம் தள்ளிப்போட்டதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் பதிவுத் தபாலில் வந்தது. முகப்புக் கடிதமும் ஒரு தாளும். தேதி, மதிப்பெண், குறிப்பு என்று ஆங்கிலத்தில் கட்டம் போட்டிருந்தது. முதல் மாதம் ஒன்பது. இரண்டாம் மாதம் ஒன்பது. மூன்றாம் மாதம் ஒன்பது. நோயாளி மருத்துவரின் குழந்தையைப் பற்றி விசாரித்தார் என்று குறிப்பு. நான்காம் மாதம் பத்து. யாரும் எதையும் திருத்தவில்லை. திருத்தியதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன்தான் நான். தாளை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன்.

நான்காவது குறிப்பில், தொலைபேசியில் பேசிய பெண், என் மனைவி சொன்னதை மொழிபெயர்க்காமல், தமிழை ஆங்கில எழுத்துகளிலேயே அடித்து வைத்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. "கொஞ்சம் வலிக்குதுங்க அம்மணி. அத எழுதிக்காதீங்க. டாக்டர் தம்பிக்குப் பிடிச்சுருவாங்கன்னு எங்கூட்டுக்காரர் படிச்சுச் சொன்னாருங்க. அவருக்கு எல்லா ரூல்சும் தெரியுமுங்க. பத்துன்னே போட்டுக்குங்க."

குழந்தையின் பிறந்தநாளுக்கு வரச் சொல்லி மருத்துவர் அனுப்பியிருந்த செய்தி கைபேசியில் பதில் எழுதாமல் கிடந்தது. வருகிறேன் என்று எழுதினேன். பிறகு பேனாவை எடுத்து, எந்தக் காகிதம் வந்தாலும் செய்கிறபடி, தாளின் வலது மேல் மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டு, தேதி போட்டேன். ஆகஸ்ட் நான்கு, திங்கட்கிழமை.