நாக்பூர் தாண்டி ஒரு சிவப்புப் புள்ளி

போன மாதம் ஒரு கேமரா என்னை அதட்டியது.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். என் தம்பி குமரேசனின் லாரியில், டிரைவர் முகத்தைப் பார்த்தபடி டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்து, சும்மா கண்ணை மூடிப் பார்த்தேன். மூடிய மறுநொடியே ஒரு பெண் குரல்... "கண்களைத் திறக்கவும். கண்களைத் திறக்கவும்." செய்தி வாசிக்கிற குரல். கோபம் இல்லை, பாசம் இல்லை, ஏற்ற இறக்கமே இல்லை. ஆனாலும் நான் சட்டென்று கண்ணைத் திறந்துவிட்டேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூடினேன். கண்டுபிடித்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு மூடினேன். அதையும். "அக்கா, போதும் எறங்குக்கா. டெமோல போட்டு உட்டது என் தப்பு," என்றான் குமரேசன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். டெக்னாலஜி கம்பெனிகள் என்றாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டார்ச் லைட் ஆப்புக்கு என் சொந்தக்காரர்களின் நம்பரெல்லாம் எதற்கு என்று கேட்டு, கஸ்டமர் கேரில் ஒரு பெண்ணை அழவைக்காத குறையாகப் பேசியவள் நான். அப்படிப்பட்டவள் அன்றைக்கு லாரியிலிருந்து இறங்கும்போது வாயடைத்துப் போயிருந்தேன். இருட்டிலும் பார்க்குமாம். கண் மூடியதையும் இமைத்ததையும் பிரித்து அறியுமாம். குமரேசனின் டிரைவர் ஒருவர் ஓங்கோல் பக்கம் அசந்துவிட்டபோது இந்தக் குரல்தான் எழுப்பியிருக்கிறது. அந்த வீடியோவையும் பார்த்தேன். கண் திறந்த அந்த மனிதரின் முகத்தை நீங்களும் பார்த்திருந்தால், கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பீர்கள்.

சரி, நல்ல விஷயம்தானே? இதில் பிரச்னை என்ன?

பிரச்னை, குமரேசனின் லாரி ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பெயர் மாரப்பன். ஊர் வெண்ணந்தூர். குமரேசனிடம் ரொம்ப வருடமாக ஓட்டுகிறார். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, தம்பியை எட்டிப் பார்க்கலாம் என்று போன எனக்கு, "வாங்கக்கா" என்று எழுந்து நின்றார். முகம் மட்டும் சரியாக இல்லை.

"மாரப்பண்ணனுக்குச் சிவப்பு வந்திருச்சுக்கா," என்றான் குமரேசன்.

கதை இதுதான். கேமரா எழுப்பிவிடுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு முறை கண் மூடும்போதும் ஒரு வீடியோத் துண்டு பெங்களூரிலிருக்கும் கேமரா கம்பெனிக்குப் போகிறது. அங்கே டிரைவருக்கு மார்க் போடுகிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால், குமரேசனுக்கு லோடு கொடுக்கிற சோப்புக் கம்பெனியின் கேட் திறக்காது. அதுகூடப் பரவாயில்லை. அந்த மார்க்கை, அதே கேமரா வைத்திருக்கிற எல்லா லாரி ஓனர்களும் பார்க்கலாம். நாமக்கல்லில் அந்தக் கேமரா வைக்காத ஓனரைத் தேடத்தான் வேண்டும்.

ஆக, மாரப்பனுக்கு இனி ஸ்டீயரிங்கே கிடையாது. தீர்ப்புச் சொன்னது யார்? யாரும் இல்லை. ஒரு சாஃப்ட்வேர்.

இவ்வளவு நேரம் வாயடைத்திருந்த எனக்கு, பழையபடி கோபம் ஏற ஆரம்பித்தது. "எங்கே, அந்த வீடியோவையெல்லாம் காட்டு."

ஆபீஸ் டிவியில் போட்டுக் காட்டினான். இந்தியா மேப். நாமக்கல்லிலிருந்து வடக்கே ஒரு கோடு. கோட்டின் மேல் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் மாரப்பன் கண்ணை மூடிய ஒரு இடம். பார்த்தால் பகீர் என்றுதான் இருந்தது. இந்த மனிதர் தூங்கிக்கொண்டேவா நாக்பூர் வரைக்கும் போகிறார்?

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு டிரிப்பிலும் புள்ளிகள் அதே இடங்களில் விழுந்திருந்தன. தூக்கம் இடம் பார்த்தா வரும்?

"ஒரு புள்ளியைப் பெரிசு பண்ணு," என்றேன். பண்ணினான். ரோட்டோரம் ஒரு முனியப்பன் கோயில்.

அடுத்த புள்ளி. கோயில். அதற்கடுத்தது, ஒரு ஆஞ்சநேயர் சிலை. கர்நாடகாவில் ஒரு தர்கா. ஐதராபாத் தாண்டி ஒரு அம்மன் கோயில். வீடியோவைப் போட்டால் மாரப்பன் வலது கையை ஸ்டீயரிங்கில் வைத்து, இடது கையால் நெஞ்சைத் தொட்டு, கண்ணை மூடித் திறக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் யார்தான் இதைச் செய்வதில்லை? டவுன் பஸ்ஸில் போகும்போது கோயில் வந்தால் பஸ்ஸே கன்னத்தில் போட்டுக்கொள்கிறது!

மற்ற டிரைவர்களின் புள்ளிகளையும் போடச் சொன்னேன். எல்லாரையும் ஒன்றாகப் போட்டபோது... எப்படிச் சொல்வது? நாமக்கல்லிலிருந்து டெல்லி வரைக்கும் மனிதர்கள் கும்பிடுகிற இடமெல்லாம் அந்த டிவியில் சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தன. இப்படி ஒரு மேப்பை உட்கார்ந்து வரைய யாராலும் முடியாது. தூக்கத்தைத் தேடிப் போன சாஃப்ட்வேர், தனக்கே தெரியாமல் பக்தியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நான் எழுந்து நின்றே விட்டேன்.

நின்றபின்தான் பயம் வந்தது. எந்த டிரைவர் கோயிலுக்குக் கண் மூடுகிறார், எவர் சர்ச்சுக்கு, எவர் தர்காவுக்கு... இது ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் எதற்காக இருக்க வேண்டும்? நாளைக்கு இதை யாராவது விலைக்குக் கேட்டால்?

குமரேசன் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நிவேதா என்று ஒரு இன்ஜினீயர் பேசினார். கோயம்புத்தூர்ப் பெண்ணாம். தன்மையாகத்தான் பேசினார். கோயில் விஷயத்தைச் சொன்னதும், அவரும் அங்கே மேப்பைப் பெரிதுபடுத்திப் பார்த்தார் போலிருக்கிறது.

"சார், இது எங்களுக்குத் தோணவே இல்லீங்க," என்றார். "கோயில் புள்ளிகள மார்க்ல சேக்க வேண்டாம்னு நான் எழுதறேன். ஆனா, சிவப்புக்குக் காரணம் அது இல்லீங்களே. நாக்பூர் தாண்டி ஒரு எடம் இருக்கு பாருங்க. எல்லாத்துலயும் அதிக நேரம் கண் மூடியிருக்கறது அங்கதான். அங்க எதுவுமே இல்லீங்க."

பார்த்தோம். நான்குவழிச் சாலை. இரண்டு பக்கமும் பருத்திக் காடு. கோயில் இல்லை, சிலை இல்லை, ஒரு மரம்கூட இல்லை. வீடியோவில் மாரப்பன் நெஞ்சைத் தொடவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்க, கண் மட்டும் மூடியிருந்தது. "கண்களைத் திறக்கவும்" என்ற குரலுக்குப் பிறகுதான் திறந்தது.

குமரேசன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இது தூக்கம்தான். தூங்குகிற டிரைவருக்காக நான் பரிந்து பேச முடியாது. அந்த ரோட்டில் எதிரே வருகிறவனுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

குமரேசன் மாரப்பனை உள்ளே கூப்பிட்டான். டிவியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தூங்கலீங்க," என்றார்.

"பின்ன என்னங்ணா? அங்க கோயிலும் இல்ல ஒண்ணும் இல்ல."

"கோயிலில்லீங்க." தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றினார். "அங்க சின்ராசு செத்தானுங்க."

எங்கள் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. மாரப்பன் குமரேசனிடம் சேர்வதற்கு முன்னால், வேறு ஒரு ஓனரின் வண்டியில் அவரோடு மாற்று டிரைவராகப் போனவர். ஒரே ஊர்க்காரர். ஒன்றாக லைசென்ஸ் எடுத்தவர்கள். அந்த இடத்தில் தார்ப்பாய்க் கயிறு தளர்ந்துவிட்டது என்று வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்கள். சின்ராசு இறங்கி, பின்னால் போய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மாரப்பன் சீட்டிலேயே இருந்தார். பின்னால் வந்த லாரியின் டிரைவர் தூங்கிவிட்டார்.

"கண்ணாடில பாத்தேனுங்க. வண்டி நேரா வருது, தெரியுது. ஆரன் அடிக்கிறேன், கேக்கலீங்க. கடைசில பாக்க முடியாம கண்ண மூடிட்டனுங்க. அதுக்கப்பறம் அந்த எடம் வந்தா... நான் மூடறதில்லீங்க்கா. தானா மூடிக்குதுங்க."

"ஏனுங்ணா, இத்தன வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?" என்று எழுந்துவிட்டான் குமரேசன்.

"சொன்னா, பயந்தவன்னு வண்டி குடுக்க மாட்டீங்களே மொதலாளி. எனக்கு வேற என்ன தெரியும்?"

போனில் நிவேதா இருந்ததையே நாங்கள் மறந்திருந்தோம். மெதுவாகக் கேட்டது அவர் குரல். "சார்... இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே கூடாதுங்க சார்."

ஒரு டெக்னாலஜி கம்பெனிக்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. உங்களுக்குத் தெரியாததையும் நாங்கள் சொல்வோம் என்றுதானே அவர்கள் விளம்பரமே ஓடுகிறது?

அந்த வேகத்தில் நான்தான் முந்திரிக்கொட்டையாகக் கேட்டேன், "அந்த ஒரு இடத்தில் மட்டும் கேமராவை அமுக்கிப் போட முடியாதாம்மா?"

பதில் சொன்னது நிவேதா அல்ல. மாரப்பன்.

"அமுக்க வேண்டாமுங்க்கா. அங்கதான் அது கத்தோணும்." போனை நோக்கிக் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "கத்தட்டும் சாமி. இன்னும் சத்தமாக் கத்தட்டும். அன்னிக்கு அந்தப் பின்னால வந்தவன் வண்டில இது ஒண்ணு இருந்திருந்தா, சின்ராசு கயித்தக் கட்டிப்போட்டு ஏறியிருப்பான். கத்தறது எங்களுக்காவக் கத்துது. மார்க்குப் போடறதுதான் ஆருக்குன்னு தெரியிலீங்க."

நான் எத்தனையோ வாரம், பத்தி பத்தியாகச் சுற்றி வளைத்து எழுதிய விஷயம் இது. தட்டி எழுப்புவது வேறு, கோள் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டு, "எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். எழுப்பியதற்கு நன்றி சொல்லப் போனால், கோள் சொன்னதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருப்போம்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிவேதா மேலிடத்தில் சண்டை போட்டிருக்கிறார். மாரப்பனின் சிவப்பு போய்விட்டது. இனி ஒரு மனிதர் வீடியோவைப் பார்த்து, டிரைவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் யாருக்கும் சிவப்பு போடக் கூடாது என்று விதியை மாற்றியிருக்கிறார்களாம். புள்ளி விழுந்த இடங்களை அழிப்பது பற்றி? "பேசிட்டிருக்கோங்க" என்கிறார். பேசட்டும். மாதம் தவறாமல் போன் போட்டுக் கேட்பேன். என்னைத்தான் தெரியுமே.

நிவேதா இன்னொன்றும் செய்தார். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு தாபா இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி இறங்கி, முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் கண் மூடாமல் தாண்டிவிடலாம் என்று மாரப்பனே சொல்லியிருக்கிறார். "இத்தன நாள் நிக்க ஏதுங்க நேரம்? நின்னா லேட்டுன்னு போடுதே அது." அந்த நிறுத்தத்துக்குச் சோப்புக் கம்பெனியிடம் அனுமதி வாங்கக் குமரேசன் படாத பாடு பட்டான். வாங்கிவிட்டான். டிரைவருக்கு வழி சொல்வதும் அந்தக் கேமராதான்; நிவேதா அந்த நிறுத்தத்தை அதன் ரூட்டில் ஏற்றினார். ரூட்டில் ஏற்ற ஒரு பெயர் வேண்டும். என்ன பெயர் வைத்தார் என்று எங்களிடம் சொல்லவில்லை.

நேற்று மதியம் சேலத்தில் சமையல் செய்துகொண்டிருந்தேன். மாரப்பன் போன். தாபாவில் நிற்கிறாராம். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"அக்கா, இந்தப் பொட்டி பேசுச்சுங்க," என்றார்.

"என்னங்க, மறுபடியும் கத்துச்சா?"

"இல்லீங்க்கா. அதே பொண்ணு கொரலு. 'அடுத்த நிறுத்தம், சின்ராசு. இடதுபுறம்'னு சொல்லுச்சுங்க." டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "இந்த ரோட்ல அவம் பேர என்னத் தவர ஆரும் சொன்னதில்லீங்க்கா. ஓனரோட எல்லா வண்டிலயும் இனிச் சொல்லுமாமா?"

"சொல்லுமுங்க," என்றேன்.

"செரிங்க்கா. கெளம்பறேன். திரும்பி வாரப்போ ஊட்டுக்கு வாரேன்."

போனை வைத்துவிட்டு, அடுப்படியில் அப்படியே நின்று கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல வேளை, எங்கள் வீட்டு அடுப்புக்கு இன்னும் கேமரா வைக்கவில்லை.