ஆறு அரித்த கொல்லை

தொட்டிச் செடிக்கு வாங்கிய வண்டல் மண்ணில் தண்ணீர் ஊற்றியதும் எழுந்த வாடை, சேவூரில் ஆறு வளையும் இடத்திலிருந்த எங்கள் வீட்டுக் கொல்லைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. ஏழு மாதத்தில் காய்ச்சலில் போன தம்பியை அங்கேதான் நொச்சிப் புதரடியில் புதைத்திருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த மழைக்காலம் முழுக்க வெள்ளம் கரையின் அடியை அரிக்க அரிக்க, மேல்மண் பாளம் பாளமாகச் சரிந்து தண்ணீரில் விழும் சத்தம், அப்பாவின் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் நொச்சிப் புதரோடு தம்பி கிடந்த இடமும் சரிந்துபோனது.

அம்மா அழவில்லை. தண்ணீர் வடிந்ததும் எதிர்க்கரையில் புதிதாக ஒரு மணல்மேடு தெரிந்தது.

"இந்தப் பக்கம் அறுத்தத அந்தப் பக்கம்தான் போட்டுகினு போவும்," என்றார் அப்பா, ஆறுதல் சொல்வதாக நினைத்து.

அன்றிலிருந்து அம்மா தினமும் முழங்கால் தண்ணீரில் இறங்கி அந்த மேட்டுக்குப் போய், ஈரமணலைக் கையால் தடவியபடி உட்கார்ந்திருப்பாள். தை மாதம் மாட்டுவண்டிகள் வந்து மணலை வாரத் தொடங்கின. அம்மா தடுக்கவில்லை. கடைசி வண்டிக்காரரிடம் மட்டும் கேட்டாள்.

"எங்கங்க கொட்டுவீங்க?"

"ஆரணில வூடு கட்றாங்கம்மா."

"கொழந்தைங்க இருக்கிற வூடா?"

அவர் புரியாமல் தலையாட்டிவிட்டு மாட்டை ஓட்டினார்.