நிறுத்தாத இருபது நிமிடம்

லிஃப்ட்காரருக்குக் காது கூர்மை. பழுது பார்க்கப் போன இடத்தில் கம்பி லேசாக முனகினால் போதும், உள்ளே நிற்பவர் யாராக இருந்தாலும் லிஃப்டை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம்ஸ் வாசித்தார். அவருடைய அக்காவின் கணவர் சாக்ஸபோன், தபால்காரர் ஒருவர் பேஸ் கிட்டார். மூன்று பேரும் ஜாஸ் வாசித்தால் வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கிறது என்று அக்காவே சொல்லியிருக்கிறாள்.

அவர்களுக்குள் ஒரே சட்டம். மேடையில் யார் தப்பாக வாசித்தாலும் முகத்தில் காட்டக்கூடாது. தப்பிய இடத்தையே பிடித்துக்கொண்டு மற்ற இருவரும் அதைப் பாட்டாக்கிவிட வேண்டும். பதினெட்டு வருடமாக மானத்தைக் காப்பாற்றியது இந்தச் சட்டம்தான்.

அன்று மதியம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கச்சேரி. நாற்பது நாற்காலியும் நிறைந்துவிட்டன. நடுவில் அத்தானின் வலது கை விரல்கள் வழுக்கின. ஊதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்தது. மறுபடி தொடங்கினார், மறுபடி அறுந்தது. சட்டப்படி லிஃப்ட்காரர் அந்த இடைவெளியில் ஒரு தட்டுத் தட்டினார். பேஸ் அதைத் தொடர்ந்தது. இடது கைக்கு எட்டிய நாலைந்து சுரங்களை வைத்துக்கொண்டு அத்தான் திணறித் திணறி ஊத, அந்தத் திணறலையே இவர்கள் தாளமாக்கினார்கள். இருபது நிமிடம். அப்படி ஒருநாளும் அவர்கள் வாசித்ததில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியபோது அத்தான் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார் மருத்துவர். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கை பிழைத்திருக்குமாம். ஆனால் சொந்தபந்தமெல்லாம் லிஃப்ட்காரரைத்தான் புகழ்ந்தது. மச்சினனைப் போல உண்டா, தோளில் போட்டுக்கொண்டு ஓடினானே என்றார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது. இரண்டு மாதம் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, அன்னிக்கு நான் பார்த்துட்டேன். வாயோரமா எச்சில் வழிஞ்சுது. அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா நிறுத்தல?"

"அவ்வளவு நல்லா வந்துட்டிருந்துச்சுக்கா. நிறுத்த மனசு வரல."

அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அத அவர்கிட்ட சொல்லாத," என்றாள். "அன்னிக்கு வாசிச்சத யாரோ பதிவு பண்ணிக் குடுத்தாங்க, அத தினமும் கேக்கறாரு. வாழ்க்கையில அப்படி வாசிச்சதே இல்லையாம். உள்ள போ. பக்கத்துல உட்கார்ந்து முழுசா கேளு."

அவர் போனார். அத்தான் முகம் மலர்ந்து, இடது கையால் பதிவை முதலிலிருந்து போட்டார்.