வேளச்சேரி முதல் மாடிக்கு வந்த மாப்பிள்ளை

ரோபோ வரப்போகிறது என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து எங்கள் லைனில் ஆளுக்கொரு கற்பனை. ஒருத்தி அதற்குத் தலை இருக்கும் என்றாள். இன்னொருத்தி அது இந்தியில் பேசும் என்றாள். கடைசியில் மரப்பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது ஒரு கை. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் சரியாக இருந்தன. அதற்குமேல் உடம்பு என்று ஒன்றும் இல்லை.

"இன்னாக்கா இது, வேலைக்கு ஆளக் கூப்ட்டா கையி மட்டும் வந்துக்கீது" என்றாள் ஸ்குரு மேசைக்காரி. அவள் சொல்லி முடிப்பதற்குள் லைன் முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது.

வேளச்சேரி ரயில் நிலையத்தை அடுத்த தெரு ஒன்றில், முதல் மாடியில் எங்கள் பட்டறை. மழை வந்தால் அந்தத் தெருவில் படகு விடலாம் என்பதால்தான் முதல் மாடி. மொட்டை மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக அணைக்கிற பெட்டியை அங்கே செய்கிறோம். எங்கள் பெட்டி மாட்டிய வீட்டில், "தண்ணி வழியுது, மோட்டாரை நிறுத்து" என்று மாடிக்கும் கீழுக்கும் யாரும் கத்த வேண்டியதில்லை. நான் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி வருவேன். லைனில் கடைசி மேசை என்னுடையது, சோதனை மேசை. அதற்கென்று நான் எதுவும் படிக்கவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டுகிறவளாகச் சேர்ந்தேன். பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தும், ராத்திரி கைப்பேசியில் வீடியோ பார்த்தும், அவ்வப்போது ஷாக் வாங்கியும் கற்றுக்கொண்டேன். அங்கே நான் நிலைத்ததற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. மனுஷர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பசியே தெரியாது. எங்கள் லைனிலோ பேச்சு ஓய்ந்த நேரமே கிடையாது.

அதில் முக்கால்வாசிப் பேச்சு ஸ்குரு மேசைக்காரியுடையது. கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குடிசையில் வளர்ந்தவள். குடிசைகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். "மூணாவது மாடிக்கா. ஆறு இல்ல, கொசுவும் இல்ல, பஸ்ஸும் இல்ல" என்பாள். இரண்டு பஸ் மாறி, எங்கள் எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்கு வந்து நிற்பாள். பெட்டியின் நாலு மூலையிலும் ஸ்குரு முடுக்குவது அவள் வேலை. முடுக்கி முடுக்கி வலது மணிக்கட்டு போய்விட்டது. காப்பிக் கிளாஸைக்கூட இடது கையால்தான் எடுப்பாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இனி அந்த ஸ்குரு மெஷினைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ரோபோக் கை வந்தது. நாலு ஸ்குருவையும் அது முடுக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் பெட்டிகளை அடுக்க வேண்டும், ஸ்குருக் கிண்ணத்தை நிரப்ப வேண்டும், முடிந்த பெட்டியின் ஒட்டுச்சீட்டைப் படம்பிடித்து டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். வேலை போகுமோ என்று மற்றவர்கள் பயந்துகொண்டிருக்க, வேலை தங்குமென்று நம்பியவள் அவள் ஒருத்திதான்.

மாப்பிள்ளை என்று பேர் வைத்ததும் அவளே. "பின்ன இன்னாக்கா? எல்லாத்தியும் கைக்கு எட்றாப்புல கொண்டாந்து வைக்கணும். வச்ச எடத்துல ஒரு நூலு நகந்துச்சுன்னா மொகத்த தூக்கிக்கினு நின்னுடும். நானும் ஒருத்தர வூட்ல வச்சிக்கினுதான கீறன்."

மாப்பிள்ளை சும்மா வரவில்லை. விற்ற கம்பெனி ஒரு மாதம் வெள்ளோட்டமாகக் கொடுத்திருந்தது. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முதலாளி கையில் அடுக்குமாடி கட்டுகிறவர் ஒருவருடைய பெரிய ஆர்டர் இருந்தது. கை ஒழுங்காக ஓடினால்தான் அந்த ஆர்டரை நேரத்துக்கு முடிக்க முடியும்.

கை ஒழுங்காக ஓடவில்லை. காலையில் அவள்தான் முதலில் வந்து அதை ஓட்டிவிடுவாள். கொஞ்ச நேரம் அழகாகப் போகும். நாங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிற சமயம் பார்த்து நின்றுவிடும், அதன் பக்கத்துக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். டேப்லெட்டில் தட்டி, கையை அதன் ஆரம்ப இடத்துக்குக் கொண்டுபோய், பாதி முடுக்கிய பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் இதே கதை. சாப்பாடு முடித்து வந்தாலும் இதே கதை. முதலாளியின் கைப்பேசியிலேயே இதெல்லாம் தெரியும். மயிலாப்பூரில் தன் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே, எங்கள் மாடியில் விளக்கு எப்போது சிவப்பானது என்று பார்த்துவிடுவார்.

விற்ற கம்பெனியிலிருந்து ஓர் எஞ்சினியர் பையன் வந்தான். வேளச்சேரிக்காரன்தான், பைக்கிலேயே வந்துவிடுவான். மடிக்கணினியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "எதுலயோ இடிச்சு நிக்குதுன்னு காட்டுதுக்கா. யாராவது இடிச்சீங்களா?" என்று கேட்டான்.

"நாங்க இன்னாத்துக்கு நைனா இடிக்கப்போறோம்? மாப்பிள்ளைய இடிப்பாங்களா?" என்றாள் அவள். நாங்களும் இல்லையென்று தலையாட்டினோம். மனசறிந்து ஒருத்தியும் இடிக்கவில்லை.

மனுஷருக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்கிற ரோபோ இது, கூண்டு கிடையாது, அதனால் லேசாக எது பட்டாலும் நின்றுவிடும்படி வைத்திருக்கிறேன், உங்கள் வளையல், துப்பட்டா எல்லாம் இருக்கிறதே என்று அவன் பொறுமையாக விளக்கினான். பிறகு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தேநீர் நேரம் முழுக்க அதையே கவனித்தான். எஞ்சினியர் வேலையாக இருக்கிறாரே என்று நாங்கள் சுற்றிக்கொண்டு எங்கள் இடத்துக்குப் போனோம். அன்றைக்கு மாப்பிள்ளை ஒரு தடவைகூட நிற்கவில்லை. விருந்தாளி வந்தால் நல்ல பிள்ளையாகிவிடுகிற குழந்தை மாதிரி நாலு மூலையும் முடுக்கிக்கொண்டே இருந்தது. அவன் கிளம்பிப் போன மறுநாள் காலை, மறுபடி சிவப்பு.

"கண்ணு பட்டுக்கீதுக்கா" என்றாள் அவள். "கீழ் மாடி தையல்காரிங்க அன்னிக்கி வந்து வாயப் பொளந்துக்கினு பாத்தாளுங்கல்ல?"

அடுத்த நாள் அம்மன் கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறும் ஓர் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தாள். கயிற்றை மாப்பிள்ளையின் முழங்கைக்குக் கீழே கட்டி, பழத்தை அது நிற்கிற இரும்புத் தாங்கியில் தொங்கவிட்டாள். நான் சாந்தோம் மாதா கோயில் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு எலுமிச்சம்பழத்தில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொடுத்தேன். அவள் முகம் அப்படி இருந்தது.

கயிறு கட்டிய பிறகு நிற்பது இன்னும் கூடிப்போனது.

அந்த வாரம் முதலாளி என் மேசைக்கு வந்து தணிந்த குரலில் பேசினார். "வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பிச்சுடலாம்னு இருக்கேன்மா. ஆர்டரை வச்சுண்டு இதோட மல்லாட முடியாது. பழையபடி கையாலேயே போட்டுக்கலாம்."

"அப்போ அவ, சார்?"

அவர் மேசையில் கிடந்த ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த இடத்துல ஸ்குரு போடறதுக்கு ஒரு கை வேணுமேம்மா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை. பட்டறைச் சங்கதி எதுவானாலும் தேநீர்க் கெட்டில் லைனைச் சுற்றி வருவதற்குள் அது ஒரு சுற்று வந்துவிடும். அன்று மதியம் அவள் பேசவில்லை. லைனே காது அடைத்ததுபோல் இருந்தது. சாயங்காலம் படியிறங்கும்போது, "எடது கையால முடுக்கிப் பாக்கட்டாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எஞ்சினியர் பையன் மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். கை கடைசியாக எவ்வளவு ஓடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டுமாம், ஓட்டிக்கொண்டிருந்தான். அது ஒரு குறையுமில்லாமல் ஓடியது. நாங்கள் சுவரோரம் வரிசையாக நின்றோம். முதலாளி மாடியேறி வந்தார். ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் வருத்தம்தான், ஆசைப்பட்டு வாங்கப்போனதில்லையா. கிட்டே போனார். வழியனுப்புகிறவர்போல வலது கையை நீட்டி மாப்பிள்ளையின் முழங்கையைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளை நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

கண்ணைத் திறந்த முதலாளி, "பாத்தியாப்பா, மறுபடியும் நின்னுடுத்து பார்" என்றார் எஞ்சினியரிடம்.

பையன் விளக்கைப் பார்க்கவில்லை. முதலாளியின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், இப்ப என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்? ஒண்ணும் செய்யலையே."

சுவரோரம் நின்ற எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறைக்குள் நுழைகிறவள் தன் மேசையை, தன் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் வேலையைத் தொடுவது கிடையாது. தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் ஒரு தடவை. கால் பட்டுவிட்டால் இன்னொரு தடவை. மாப்பிள்ளை நின்றதோ லைனின் தலைமாட்டில், எல்லோரும் நடந்துபோகிற வழியில். புதுசு, விலை உயர்ந்தது, சக்தி உள்ளது. தொடாமல் எப்படிப் போவது? தொடுகிற அந்த நொடியில் கண் தானாக மூடிக்கொள்ளும். திறக்கும்போது அது நின்றிருக்கும். அதற்குள் நாங்கள் இரண்டு எட்டு தள்ளிப்போயிருப்போம். எலுமிச்சம்பழம் தொங்க ஆரம்பித்ததும் பக்தி இரட்டிப்பாகிவிட்டது. ஸ்குரு மேசைக்காரியும் தினமும் தொட்டவள்தான். ஆனால் ஓட்டுவதற்கு முன்னாலேயே தொட்டுவிடுவாள், அதனால் அவள் கையால் அது நின்றதில்லை; நாங்கள் தொடுவதோ தினமும் பார்த்துப் பழகியது, அவள் கவனத்தில் படவே இல்லை. நானும் தொட்டேன், மாதா கோயில் வழக்கப்படி விரலை முத்தமிட்டுக்கொண்டேன். சாமி வேறாக இருந்தாலும் சேதம் ஒன்றுதான்.

பையன் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "நானும் காலைல பைக்கத் தொட்டுக் கும்பிட்டுத்தான்க்கா வந்தேன். அது நிக்கல, அதான் எனக்குத் தோணல."

முதலாளி உடனே "தொடாதீர்கள்" என்று ஒரு அட்டை எழுதி மாட்டச் சொன்னார். மாட்டினோம். சாப்பாடு முடித்து வந்த முதல் ஆள் அந்த அட்டையைத் தள்ளிவிட்டுத் தொட்டாள். தெரிந்து செய்யவில்லை, பாவம். கை தானாகப் போகிறது.

"அடியில இருக்கிற இரும்புத் தாங்கியத் தொட்டா அதுக்குத் தெரியாது. மேல தொட்டாத்தான் தெரியும்" என்றான் பையன்.

ஸ்குரு மேசைக்காரி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முழங்கைக் கயிற்றை அவிழ்த்தாள். பழத்தையும் எடுத்துவிட்டாள். அலுவலக அறையின் சாமி படத்தருகிலிருந்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கொண்டுவந்து, தாங்கியின் கால்மாட்டில், நடந்துபோகிறவர்கள் கண்ணில் படுகிற பக்கமாக, பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். "பொட்டு எங்க கீதோ அங்கதான் கையி போவும்" என்றாள்.

அப்படித்தான் போனது. மாப்பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் இடத்துக்குப் போனார்கள். மாப்பிள்ளை காலில் விழுகிற மாமியார்களாகிவிட்டோமே என்று லைனில் ஒரு கேலி ஓடியது. மாப்பிள்ளை தலைகுனிந்து முடுக்கிக்கொண்டே இருந்தது. மரப்பெட்டியை ஒரு வாரம் மூலையில் திறந்தபடியே விட்டிருந்தார் முதலாளி. அடுத்த வாரம் அதில் அட்டைகளைப் போட்டு வைக்கச் சொல்லிவிட்டார். ஆர்டர் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பின் அந்தக் கட்டடக்காரர் வேறு அளவில் ஒரு பெட்டி கேட்டார். மூலைகளோடு நடுவிலும் ஸ்குரு. புது இடங்களைக் கைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பையன் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, "இப்ப புடிச்சு இழுங்கக்கா, நீங்க இழுக்கிற பக்கம் வரும். ஒவ்வொரு துளைக்கும் கொண்டுபோய்க் காட்டுங்க" என்றான், ஸ்குரு மேசைக்காரியிடம். எந்தத் துளையில் ஸ்குரு சாய்ந்து இறங்கும், எதை முதலில் முடுக்கினால் மூடி தூக்காது என்பதெல்லாம் அவளுக்கு வருஷக்கணக்கில் பழக்கம்.

அவள் பயந்துகொண்டே இடது கையை நீட்டினாள். பிறகு அதை இறக்கிவிட்டு வலது கையால் பிடித்தாள். நான் என் மேசையிலிருந்து எழுந்துவிட்டேன். அவள் மெதுவாக நகர்த்தினாள். அவ்வளவு பெரிய இரும்புக் கை தண்ணீரில் மிதக்கிறதுபோல் கூடவே வந்தது. ஒரு துளை, அடுத்த துளை. அவள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லக்கா" என்றாள். இன்னொரு துளைக்குக் கொண்டுபோனாள். "கனமே இல்ல."

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரை அவளோடு நடந்தேன். வழியில் வீட்டுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர் என்னவோ கேட்டார்.

"ஆங், வேல கீதுய்யா. நாளிக்கும் கீது. புதுப் பொட்டி வந்துக்கீது, அதுக்கு நாந்தான் காட்டிக் குடுக்கணும்." பஸ் வந்துவிட்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஏறினாள். "வந்துக்கினே கீறன். நீ ஒல வச்சிரு."