நாலு கிலோக் குண்டு

சல்லிக் கரையில் தேனுகாவின் கைப்பலம் வேறு எந்தப் பிள்ளைக்கும் இல்லை. குண்டு எறிதலில் மாகாணச் சம்பியன். 'குண்டெறியிறவளை எவன் கட்டுவான்' என்று நக்கலடித்த ஊரே இப்போது சந்தியில் அவள் படம் போட்டுப் பதாகை கட்டியிருக்கிறது. அவளோ அந்தச் சந்தியைத் தவிர்த்து, சுற்றுப்பாதையால் போகிறாள்.

பயிற்சிக்கு இரும்புக் குண்டு கிடைக்காத நாளில், மீன் முதலாளியான தகப்பன் பாக்கியரத்தினம், வலையில் கட்டும் ஈயத்தை உருக்கி வார்த்துக் கொடுத்தார். பெண்களுக்கு நாலு கிலோ என்பது சட்டம். கரையில் மீன் வாங்கும் தன் தராசிலேயே தொங்கவிட்டு, முள் நாலில் நிற்கும்வரை ஈயம் சேர்த்தார். அந்தத் தராசுக்குத் தான் என்ன செய்து வைத்திருந்தார் என்பது, மகள்மேல் இருந்த ஆசையில் மனுசனுக்கு மறந்துபோயிற்று.

அவள் அந்தக் குண்டோடு மாரடித்தாள். "என்ர கையில பலம் காணாதப்பா" என்று அழுதாள்.

மாகாணப் போட்டியில், கொண்டுவரும் குண்டுகளை நிறுத்துப் பார்ப்பார்கள். வான் வண்டியில் கூட வந்த கரைச்சனம் சுற்றி நின்றது. அவளுடையதை நிறுத்த நடுவர் சிரித்தார்.

"தங்கச்சி, இது நாலில்லை, நாலரை. ஆர் நிறுத்துத் தந்தது?"

"அப்பா. மீன் நிறுக்கிற தராசில" என்றாள் பெருமையாக.

சனம் சிரிக்கவில்லை. நெடுங்காலம் அதே தராசில் மீன் நிறுத்து அவருக்கு விற்றவர்கள். அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. காது சுட்டது. சரியான நாலு கிலோக் குண்டைக் கொடுத்தார்கள்; கையில் இருக்கிறதே தெரியவில்லை. எறிந்தாள். சாதனை. சனமும் கை தட்டியது. பாக்கியரத்தினம் வான் வண்டிக்குள் போய் இருந்துவிட்டார்.

ஊரில் மாலை போட்டவள் சிவக்கொழுந்து. புருசன் பிடிக்கும் மீனை அந்தத் தராசில் கொண்டுவந்து போடுபவள்.

"எங்கட அரைக்கிலோவையும் சேர்த்தெல்லோ தூக்கினனி பிள்ளை. வெல்லாமல் என்ன!"

கன்னத்தைத் தடவித்தான் சொன்னாள். ஏசியிருந்தால் தேனுகா தாங்கியிருப்பாள்.

அடுத்த விடியல், தோணிகள் கரை தட்டியபோது, ஈயக் குண்டைக் கொண்டுபோய்த் தராசில் தொங்கவிட்டாள். முள் நாலில் நின்றது.

"இது நாலரையப்பா. இனி இதை நாலரையெண்டு நிறுத்துக் காட்டிப்போட்டு மீனை நிறுங்கோ."

பாக்கியரத்தினம் தராசைக் கழற்றினார்.

"எல்லாம் உனக்காகத்தானே, பிள்ளை" என்றார், அத்தனை பேருக்கும் கேட்கத்தக்கதாக.

வெட்கத்தில் தேனுகாவுக்குத் தலை நிமிரவில்லை.